விரிஞ்சிபுரத்துச் சாமியின் பெயரில் இறந்தவர்கள்

பெயரைச் சொல்ல மாட்டேன். விரிஞ்சிபுரத்துச் சாமியின் பெயர் என்றால் எங்கள் பக்கத்து ஆட்களுக்குப் புரிந்துவிடும், அது போதும். கார்த்திகைக் கடைஞாயிறு அன்று அந்தக் கோயில் குளத்தில் முங்கி எழுந்து, ஈரப் புடவையோடு பிராகாரத்தில் படுத்துப் பிள்ளை வரம் கேட்ட பெண்கள் எத்தனையோ பேர். அப்படிப் பிறந்த ஆண் குழந்தைக்கு வேறு பெயர் வைக்க எந்தக் குடும்பத்துக்கும் துணிச்சல் வராது. அதனால் வேலூர், குடியாத்தம், ஆம்பூர் பக்கம் எந்த வகுப்பில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் நாலு பையன்கள் எழுந்து நிற்பார்கள். என் அண்ணன் அவர்களில் ஒருவன். கல்யாணமாகிப் பல வருஷம் பிள்ளை இல்லாமல் ஊர் வாயில் விழுந்து கிடந்த எங்கள் அம்மா, அந்த ஈரத்தில் படுத்துப் பெற்ற பிள்ளை. நான் எந்த வேண்டுதலும் இல்லாமல் அவனுக்குப் பின்னால் வந்தவன். எனக்கு அப்பாவைப் பெற்றவரின் பெயர்.

சாமி பெயரை வைத்துக்கொண்டு செத்துப்போனவர்கள் எங்கெங்கே இருக்கிறார்கள் என்று என்னைக் கேளுங்கள், சொல்கிறேன். போன வருஷம் தை, மாசி இரண்டு மாதமும் எனக்கு அதுதான் வேலை. கைபேசியில் இறப்புப் பதிவு தேடும் பக்கத்தைத் திறப்பேன். ஆண் என்று போட்டு, வருஷத்தைப் போட்டு, ஊரைப் போட்டு, அண்ணன் பெயரை அடிப்பேன். அது சுற்றிக்கொண்டே இருக்கும். ஒன்றும் வராவிட்டால் எரிச்சலாக இருக்கும். வந்துவிட்டால் முதலில் வயதைத்தான் பார்ப்பேன். எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று வீட்டில் சொல்வார்கள், அந்த இரண்டு மாதத்தில் அதைத் தினமும் நிரூபித்தேன்.

அண்ணன் சண்டை போட்டுக்கொண்டு வீட்டைவிட்டுப் போனவன் இல்லை. ஆம்பூரில் ஒரு டேனரியில் டிரம் ஓட்டிக்கொண்டிருந்தான். பச்சைத் தோலைச் சுண்ணாம்பிலும் மருந்திலும் போட்டுச் சுற்றவிடும் பெரிய மர டிரம். அந்த டேனரி மூடிப்போனதும், தோல் வேலை தெரிந்த ஆட்கள் வேண்டும் என்று கூப்பிட்ட ஒரு மேஸ்திரியோடு ஈரோட்டுப் பக்கம் கிளம்பினான். பங்குனியில் போனான். தோன்றும்போது போன் செய்வான், தோன்றாவிட்டால் இல்லை. கடைசியாகப் பேசியபோது இங்கிருந்து வேறு ஊர் போகிறோம், போய்ச் சேர்ந்து பேசுகிறேன் என்றான். பேசவில்லை. மேஸ்திரியின் எண்ணும் அணைந்துபோனது. தீபாவளிக்கும் வராதபோதுதான் பயந்துபோய்க் காணவில்லை என்று புகார் கொடுத்தோம். ஆம்பளை ஆள், வந்துடுவான் என்றார்கள். பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அம்மா அவன் வருவான் என்று சொல்லிக்கொண்டே செத்துப்போனாள்.

அண்ணி அப்போது கைக்குழந்தைக்காரி இல்லை, பெண் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தது. ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைக்கும் வேலைக்குப் போய் அந்தப் பெண்ணை வளர்த்தாள். நெற்றியில் பொட்டு, கழுத்தில் தாலி, எல்லாம் அப்படியே. ஆனால் விசேஷ வீடுகளில் தட்டு எடுக்க சுமங்கலிகளைக் கூப்பிடும்போது அவளைப் பார்த்ததும் ஒரு கணம் தயங்குவார்கள் பாருங்கள், அதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வா என்றும் சொல்ல மாட்டார்கள், வராதே என்றும் சொல்ல மாட்டார்கள். அவளாகவே பின்னால் போய்ச் சமையல் பாத்திரங்களோடு நின்றுகொள்வாள்.

தையில் பெண்ணுக்குக் குடியாத்தத்தில் இடம் அமைந்தது. விசைத்தறி வைத்து லுங்கி நெய்கிற குடும்பம், நல்ல மனிதர்கள். அவர்கள் கேட்டதும் தப்பில்லை. பெண்ணின் அப்பா இருக்கிறாரா, இல்லையா, அழைப்பிதழில் எப்படிப் போடப் போகிறீர்கள் என்று மட்டும் கேட்டார்கள். நானே ஆம்பூரில் ஒரு அச்சகத்தில் டைப் செட் பண்ணுகிறவன். காலையில் கல்யாணப் பத்திரிகை, மத்தியானம் கண்ணீர் அஞ்சலி போஸ்டர், அதுதான் என் பிழைப்பு. இருக்கிறவருக்குத் 'திரு', போனவருக்கு 'அமரர்'. மூன்றாவதாக ஒன்று போட இடமே கிடையாது.

அன்றைக்கு மாப்பிள்ளை வீட்டார் போனதும் அண்ணி என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

“தம்பி, இருந்தா இருக்காருன்னு சொல்லு, இல்லன்னா இல்லன்னு சொல்லு. எதுவா இருந்தாலும் தாங்கிக்கிறேன். இந்த ரெண்டுங்கெட்டான் பொழப்ப எம் பொண்ணு கல்யாணத்துல நான் நிக்க வெக்கக்கூடாது” என்றாள். பத்திரிகை அடிக்கப் பங்குனி பிறப்பதற்குள் தெரிய வேண்டும் என்றாள்.

உயிரோடு இருக்கிறவனை எங்கே என்று தேடுவது? செத்தவர்களைத்தான் தேட முடியும், அவர்களுக்குத்தான் கணக்கு வைத்திருக்கிறார்கள். அப்படி ஆரம்பித்ததுதான் இந்த எழவு வேலை.

முதலில் எங்கள் பக்கத்து ஊர்களிலேயே தேடினேன். அப்பப்பா, சாமி தன் பெயர்க்காரர்களை இப்படியா வாரிக்கொண்டு போவார். வயதானவர்கள், வாலிபர்கள், வயசு என்ற இடத்தில் ஒரு நாள் என்று போட்டிருந்த ஒரு சிசு. எனக்கு வேண்டாதவர்களைத் தள்ளிவிடுவேன். தள்ளும்போது, இது இன்னொருவன் வீட்டுப் பிணம் என்று தோன்றாமல் இருந்தால் நான் மனிதனே இல்லை. ஆனால் அடுத்த பெயர் வந்துவிடும், விரல் தள்ளிவிடும். ஒரு பதிவில் ஊரும் தெருவும் இருந்ததை வைத்துத் தெரிந்தவர் மூலமாக எண் வாங்கிப் போன் போட்டேன். எடுத்தவரிடம் இன்னார் இறந்துவிட்டாரா என்று கேட்டால், பேசுவதே இன்னார்தான் என்றார். செத்தது அவருடைய தாத்தாவாம், அந்தப் பெயரையே பேரனுக்கும் வைத்திருக்கிறார்கள். காலங்காத்தால நல்லா கேட்ட போ என்று வைத்துவிட்டார். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்ததற்குச் சிரிக்க முடியவில்லை. கலவைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். பெயர் சரி, அப்பா பெயரும் எங்கள் அப்பா பெயர்தான், வயதும் கிட்டத்தட்ட ஒத்துவந்தது. பிறந்த ஊர் என்ற விவரம் அதில் இல்லை. அண்ணன் யாரையாவது கட்டிக்கொண்டு இங்கேயே குடும்பம் நடத்திச் செத்திருக்கிறானோ என்று ஒரு சந்தேகம். சத்தியமாகச் சொல்கிறேன், ஆற்காட்டிலிருந்து பஸ்ஸில் போகும்போது அவனைக் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டேதான் போனேன்.

சிமெண்ட் ஷீட் போட்ட வீடு. அந்த அம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். நான் பெயரைச் சொன்னதும் பேங்கிலிருந்து வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு அவசரமாக நாற்காலி எடுத்துப் போட்டார். சுவரில் போட்டோ, பிளாஸ்டிக் மாலை, சிவப்பு சீரோ வாட் பல்பு. முறுக்கு மீசை வைத்த யாரோ ஒரு மனிதர். என் அண்ணன் இல்லை. “அப்பாடா” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். ஒரு செத்த வீட்டில், செத்தவன் போட்டோவைப் பார்த்து, அவன் பெண்டாட்டி முன்னால். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. எழுந்து கையெடுத்துக் கும்பிட்டு நடந்ததைச் சொன்னேன்.

அந்த அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். கொஞ்ச நேரம் கழித்து, “உங்க அண்ணிக்கு நான் சொன்னேன்னு சொல்லுங்க சார். தெரியாம இருக்கிறதே மேல். தெரிஞ்சுக்கினு நான் இன்னா பண்ணிட்டேன்?” என்றார்.

பஸ்ஸில் திரும்பும்போது அந்த வார்த்தை என்னைப் பிடுங்கித் தின்றது. அண்ணியிடம் நான் அதைச் சொல்லவில்லை. அது அண்ணன் இல்லை என்று மட்டும் சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டு அடுத்தது எந்த ஊர் என்று கேட்டாள்.

மாசி பாதி போனது. ஈரோட்டுப் பக்கம் எல்லாம் தேடியாயிற்று. நேரில் போய்க் கேட்டுப் பார்க்கலாம் என்று ஒரு நகராட்சி அலுவலகத்துக்கும் போனேன். கணினி முன்னால் இருந்த பெண் பொறுமையாகத்தான் பார்த்தார். பார்த்துவிட்டு, கூப்பிடுகிற பெயர் வேறு, சர்டிபிகேட் பெயர் வேறு என்று ஏதாவது உண்டா என்று கேட்டார். எனக்குச் சுள்ளென்று வந்தது. ஒரே பெயர்தான், சாமி வைத்த பெயர் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் எவ்வளவு சரியான கேள்வி கேட்டார் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

கடைசியாக, அண்ணனோடு அந்த டேனரியில் ஒரே டிரம்மில் வேலை பார்த்தவரைப் பிடித்தேன். இப்போது பைபாஸ் ஓரம் இளநீர் வண்டி போட்டிருக்கிறார். மேஸ்திரி எந்த ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனான் என்று கேட்கத்தான் போனேன். அவர் இளநீரைச் சீவிக்கொண்டே என் பெயரைச் சொன்னார். என் பெயரைச் சொல்லி, அவன் ஈரோட்டிலிருந்து திண்டுக்கல்லில் ஒரு தோல் ஷாப்புக்கு, அதாவது டேனரிக்கு, போனதாகக் கேள்விப்பட்டேன் என்றார்.

நான் எங்கே அண்ணே திண்டுக்கல் போனேன், நான் அவன் தம்பி என்றேன்.

“நீ இல்லப்பா, உங்க அண்ணன். எங்க ஷாப்புல அவன் பேரு அதானே” என்றார்.

எனக்குத் தெரியாததா அது? அதைத்தான் சொல்ல வருகிறேன். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அண்ணன் அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். டேனரியில் நிரந்தர வேலைக்குப் பத்தாவது சர்டிபிகேட் கேட்டார்கள். என்னுடையது பெட்டியில் சும்மா கிடந்தது, எடுத்துக்கொண்டு போனான். அன்றிலிருந்து அவன் போட்டோவும் என் பெயருமாக ஈஎஸ்ஐ கார்டு, பிஎஃப், வருகைப் பதிவு எல்லாம். எங்கள் தெருவில் இது அதிசயமே இல்லை. அண்ணன் பேப்பரில் தம்பி, மச்சான் பேப்பரில் மாமன், அப்படித்தான் பாதிப் பேர் கம்பெனிக்குள் நுழைந்தார்கள். தீபாவளிக்கு அவனுக்குக் கொடுக்கிற ஸ்வீட் பாக்ஸில் என் பெயர் ஒட்டியிருக்கும். என் பாக்ஸை என்னிடம் கொடுடா என்று நான் பிடுங்குவேன், அவன் தர மாட்டான். தினமும் பார்த்துச் சிரித்த விஷயம். வேலைக்குத்தான் என் பெயர், சாவுக்கு அவன் பெயர் என்று நாங்களாகவே வைத்துக்கொண்டோம் போலிருக்கிறது. காணவில்லை என்று புகார் கொடுத்தபோதுகூடச் சாமி பெயரைத்தான் கொடுத்தோம்.

இளநீர் வண்டிப் பக்கத்திலேயே நின்று கைபேசியை எடுத்தேன். திண்டுக்கல் என்று போட்டேன். அண்ணன் போன வருஷத்தைப் போட்டேன். என் பெயரை நானே அடித்தேன். அன்றைக்கென்று அது சுற்றவே இல்லை, உடனே வந்துவிட்டது. என் பெயர். எங்கள் அப்பா பெயர். எங்கள் கிராமம். அப்போது எனக்கு என்ன வயதோ அதே வயது. இறந்த இடம் ஆஸ்பத்திரி. ஆடி மாதம்.

நான் செத்துப்போயிருந்தேன். வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டேன். வெயில்ல மயக்கமாப்பா என்று அவர் இளநீரை நீட்டினார். வாங்கிக் குடித்தேன். அண்ணன் செத்த சேதி தெரிந்த நிமிஷத்தில் இளநீர் குடித்துக்கொண்டு நின்றேன்.

ஆடி மாதம் என்றதும்தான் அந்த போலீஸ்காரர் ஞாபகம் வந்தது. அந்த வருஷ ஆடியில் ஒரு காலை எங்கள் வீட்டு வாசலில் ஒரு கான்ஸ்டபிள் வந்து வண்டியை நிறுத்தினார். என் பெயரைச் சொல்லி அவர் வீடு இதுதானா என்றார். நான்தான் அது என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தெற்கே ஏதோ ஆஸ்பத்திரியில் இந்தப் பெயரில், இந்த ஊர்க்காரர் ஒருவர் இறந்துபோனதாக ஸ்டேஷனுக்குத் தகவல் வந்திருக்கிறது, நீ கல்லுக்குண்டு மாதிரி நிற்கிறாயே என்றார். எங்கள் ஊரில் என் பெயரில் இன்னும் இரண்டு பேர் உண்டு. அவர்கள் வீட்டுக்கும் போனார். ஒருவர் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தார், இன்னொருவர் டீக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மூன்று பேரும் உயிரோடு இருந்தோம். விலாசம் தப்பு என்று எழுதிக்கொண்டு அவர் போய்விட்டார். அன்றைக்கெல்லாம் டீக்கடையில் எங்கள் மூவரையும் நிற்கவைத்து ஒரே கேலி. யாருடா அந்தப் பொணம், கையைத் தூக்கு என்றார்கள்.

வீட்டில் அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். பொய்யாகச் சாவுச் சேதி வந்தால் ஆயுசு கெட்டி என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். கண்டம் கழிந்தது என்று அவள் அண்ணியைக் கூப்பிட்டு எனக்கு ஆரத்தி எடுக்கச் சொன்னாள். சுமங்கலி கையால் எடுக்க வேண்டும், வீட்டில் இருந்த சுமங்கலி அவள் ஒருத்திதான். அண்ணி மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த தட்டை எனக்குச் சுற்றி, நெற்றியில் பொட்டு வைத்து, தண்ணீரைத் தெருவில் கொட்டினாள். மத்தியானம் அவளே கேசரி கிண்டினாள்.

யாரிடமும் சொல்லாமல் திண்டுக்கல் போனேன். ஸ்டேஷனில் பழைய காகிதத்தைத் தேடி எடுத்துக் கொடுக்க ஒரு நல்ல மனிதர் இருந்தார். ஒரு தோல் ஷாப்பில் கழிவுத் தொட்டிக்குள் இறங்கியவன் மயங்கி விழுந்திருக்கிறான். தூக்கிக்கொண்டு வந்து போட்டவர்கள் சட்டைப் பையிலிருந்த ஈஎஸ்ஐ கார்டைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். சொந்த ஊருக்குத் தகவல் அனுப்பியும் யாரும் வரவில்லை என்று எழுதியிருந்தது. நகராட்சி புதைத்துவிட்டது. ஒரு போட்டோ இருந்தது. கண்ணை மூடிக்கொண்டிருந்தான், வாய் லேசாகத் திறந்திருந்தது. தூங்கும்போதும் அவன் அப்படித்தான். நான் பெஞ்சில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். பதிவில் பெயரை மாற்ற என்ன செய்ய வேண்டும் என்று பிறகு விசாரித்தேன். முதலில் நான் சாகவில்லை என்று நான் நிரூபிக்க வேண்டுமாம். எந்தப் பேப்பரைக் கொண்டுபோய்க் காட்டுவது? என் பேப்பரெல்லாம் அவன் உழைத்த பேப்பர்.

திரும்பி வந்து இரண்டு நாள் அண்ணி கண்ணில் படாமல் அச்சகத்திலேயே கிடந்தேன். வாயைத் திறந்து சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. பத்திரிகையை டைப் செட் பண்ணினேன். அண்ணன் பெயருக்கு முன்னால் அமரர் என்று போட்டேன். எத்தனையோ ஊரார் பெயருக்குப் போட்ட வார்த்தை, யோசிக்காமல் விரல் போட்டுவிடும். அன்றைக்கு அது விரலுக்கு லேசில் வரவில்லை. ஒரு புரூப் எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணி வீட்டுக்குப் போனேன்.

பெண் ரவிக்கை தைக்கக் கொடுக்கப் போயிருந்தது. அண்ணி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு புரூப்பை வாங்கினாள். மேலே விநாயகர் படத்திலிருந்து ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டு வந்தாள். அந்த வரிக்கு வந்ததும் நின்றாள். அதற்குமேல் படிக்கவில்லை. மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். அழுவாள் என்று பார்த்தேன், அழவில்லை.

எங்கே என்று கேட்டாள். சொன்னேன். எப்படி என்று கேட்டாள். தொட்டியைப் பற்றிச் சொன்னேன், போட்டோவைப் பற்றிச் சொன்னேன். யார் புதைத்தார்கள் என்று கேட்டாள், அதையும் சொன்னேன். இவ்வளவு நாள் ஏன் கிடைக்கவில்லை என்றாள். அண்ணன் என் பெயரில் செத்திருக்கிறான், நான் அவன் பெயரில் தேடிக்கொண்டிருந்தேன் என்றேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எப்போ?” என்றாள்.

அதை மட்டும் சொல்லக்கூடாது என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வரவில்லை. அண்ணன் போன அதே வருஷம், ஆடி மாசம் என்றேன்.

அண்ணி கையை மெல்ல நெற்றிக்குக் கொண்டுபோனாள், பொட்டைத் தொட்டாள், எடுக்காமல் கையை இறக்கிக்கொண்டாள்.

“அந்தப் போலீஸ்காரர் வந்து சொன்னது இவரைத்தானா?”

ஆமாம் அண்ணி என்றேன்.

“உங்கம்மா இருந்தாங்க, நீ இருந்த, நான் இருந்தேன். வாசல் நெறைய ஜனம். நீ இல்லன்னதும் எல்லாரும் சிரிச்சோம். அப்ப செத்தது யாருன்னு ஒருத்தர் கேட்டோமா, தம்பி?”

இல்லை அண்ணி, யாரும் கேட்கவில்லை என்றேன்.